டீச்சர் பக்கத்துப் பிரேக்

அந்த வண்டியில் இரண்டு பிரேக். ஒன்று கற்றுக்கொள்ள வருகிறவரின் காலடியில். மற்றது பக்கத்து இருக்கையில், டீச்சரின் காலடியில். இந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தால் வண்டிக்குள் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். பாட நேரத்தில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. லைசென்ஸ் டெஸ்டில் வந்தால் அத்துடன் கதை முடிந்தது. பின்னிருக்கையில் இருக்கும் அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். ஓட்டியவர் மறுபடி தேதி வாங்க வேண்டியதுதான்.

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் என்று டீச்சருக்கு ஒரு பெயர் உண்டு. மீதிப் பாதிப் பேர் பஸ்ஸில் போகிறவர்கள் என்று அவளே சொல்வாள். அவளுடைய பெருமையெல்லாம் தன் பக்கத்துப் பிரேக்கில் தூசி படிந்து கிடக்கும் என்பதில்தான். “என் காலுக்கு இங்க வேலையே கிடையாது. சும்மா காத்து வாங்க வந்திருக்கு” என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். அவர்கள் பாதி பயத்தோடும் பாதி சிரிப்போடும் முதல் கியரைத் தேடுவார்கள்.

மகள் ராணுவப் பயிற்சிக்குப் போன பிறகு அந்தக் காலுக்கு வேலை வந்துவிட்டது.

அது முதலில் டீச்சருக்கே தெரியவில்லை. யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்தித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிவீட்டுக்காரி படியில் நிறுத்தி, ஒரே பொண்ணை இப்படி அனுப்பிட்டீங்களே, பயமா இல்லையா என்று கேட்டபோது, “எனக்கென்ன பயம்? அங்க இருக்கிற சார்ஜென்ட்டை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. அவரும் புள்ளகுட்டிக்காரராத்தான் இருப்பாரு” என்றாள். அது வாய்ச்சவடால் இல்லை. மகளை அவளுக்குத் தெரியும். நடக்கப் பழகிய நாளிலேயே கையைப் பிடிக்க விடாதவள். உருவம் சிறியது, காரம் பெரியது என்று அப்பா வைத்த பெயர் கடுகு. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பயிற்சியில் சேர்ந்துவிட்டேன் என்று அவள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தபோது அப்பாவின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றுபோனது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “உன் அளவுக்கு அங்க ஷூ இருக்குமா?”

இருந்தது. ஆனால் கடித்தது. ஞாயிற்றுக்கிழமை போன்களில் அதுதான் முதல் செய்தி. முகாமில் வாரம் முழுக்கப் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். ஞாயிறு மதியம் கொஞ்ச நேரம் கையில் கொடுப்பார்கள். முதலில் அம்மா பேசுவாள். ஷூ கடிக்கிறது, படுக்கை விரிப்பின் மூலையைக் கத்தி மாதிரி மடிக்கச் சொல்கிறார்கள், பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் யாருக்கோ கணக்குச் சொல்லித் தருகிறாள், நல்லா இருக்கேன்மா. அதற்குப் பிறகு அப்பா போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். கதவைச் சாத்திக்கொள்வார், வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாதாம். திரும்பி வரும்போது முகம் எதையோ விழுங்கியதுபோல இருக்கும். பிள்ளைப் பாசம் என்று டீச்சர் விட்டுவிட்டாள்.

அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிற வாடிக்கையாளர்களை அதட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. ஒரு ஞாயிறன்று பால்கனியிலிருந்து வந்தவர், தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே, வருகிற வியாழக்கிழமை மழை வருமா என்று பார்க்கச் சொன்னார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த டீச்சர், வியாழக்கிழமை என்ன விசேஷம் என்று கேட்டாள்.

“இல்ல, ஆத்துல தண்ணி ஏறிடும்ல.”

“எந்த ஆத்துல?”

தவளை தன் வாயால் கெட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு வராது. சொல்லிவிட்டார். முதுகுப் பையோடு ஆற்றைக் கடக்க வேண்டும். குறுக்கே கயிறு கட்டியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் தண்ணீர் கழுத்துவரை வரும். எல்லாரும் இறங்கியாக வேண்டும்.

கடுகு உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயப்படுவாள். அது தண்ணீர். சின்ன வயதில், நீச்சல் வகுப்பில், குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் குழந்தையின் தலை உள்ளே போனது, மேலே வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சர் செருப்போடும் கைப்பையோடும் குதித்து இழுத்து வந்தாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது, இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பதும் அப்போது தெரியாது. குழந்தை இருமித் தீர்த்தது. அத்தோடு நீச்சலும் தீர்ந்தது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது அதற்குப் பிறகு வீட்டில் தினசரிப் பாராயணம்.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்று டீச்சர் கேட்டாள்.

“சொன்னா நீ மூச்சை இழுப்ப. அது அவளுக்குப் போன்லயே கேட்கும்.”

“நான் எங்க மூச்சை இழுக்கறேன்?”

“இப்ப இழுத்தியே.”

வாரக் கணக்காக அப்பாவிடம் ஒரு கதை, அம்மாவிடம் ஒரு கதை. அம்மாவுக்கு ஷூ, விரிப்பு, கணக்கு. அப்பாவுக்கு ஆறு. ஆற்றைவிட அதுதான் டீச்சருக்குக் குத்தியது. ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

மறுநாள், திங்கட்கிழமை, பல் டாக்டருக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

பல் டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர். இதுவரை மனைவிதான் ஓட்டினார், இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனைவி சாவியைக் கையில் திணித்துவிட்டதால் வந்து சேர்ந்தவர். நிதானமான மனிதர். ரவுண்டானாவில் நுழையும்போதுகூட, வாயைத் திறங்க என்று சொல்கிற தோரணையில்தான் நுழைவார். கொஞ்ச நாளாகவே பாடத்தின் நடுவில் பீப், பீப் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை அவர், ஓட்டுறது நானா நீங்களா டீச்சர் என்றுகூடக் கேட்டார். டீச்சர் அதைச் சிரித்து மழுப்பிவிட்டாள்.

டெஸ்ட் அன்று எல்லாம் சரியாகத்தான் போனது. பின்னிருக்கையில் அதிகாரி, மடியில் ஒரு பலகை. பல் டாக்டர் கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், மேட்டில் நிறுத்தி எடுத்தார். கடைசித் தெரு. முன்னால் மக்கள் சாலையைக் கடக்கும் கோடுகள். நடைபாதையில் ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், இன்னும் ஓரத்துக்கே வந்து சேரவில்லை. பல் டாக்டர் பார்த்துவிட்டார். அவருடைய கால் பிரேக்குக்கு வந்துவிட்டது. அது டீச்சருக்கும் தெரிந்தது. தெரிந்தும் அவள் கால் முந்திக்கொண்டது.

பீப்.

குழந்தை வண்டிக்காரி நிதானமாகக் கடந்து போனாள். பல் டாக்டர் சிக்னல் போட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் இழுத்து, எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் திரும்பி, தப்பு என்னுடையது, அவர் சரியாகத்தான் ஓட்டினார் என்றாள். அதிகாரி பேனாவை மூடினார்.

“மிதிச்சா மிதிச்சதுதான், டீச்சர். அவர் நிறுத்தியிருப்பாரா மாட்டாரான்னு இனிமே யாருக்குத் தெரியும்?”

நல்ல மனிதர் என்பதால், இந்த வியாழக்கிழமை ஒருவர் வரவில்லை, அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வியாழக்கிழமை என்றதும் டீச்சருக்குச் சுருக்கென்றது. தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வரும் வழியில் அவள் பல் டாக்டரிடம் மகளைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் சொன்னாள். வேறு டீச்சரிடம் மாற்றிவிடட்டுமா என்றும் கேட்டாள். அவர் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வேண்டாம். வேற ஆள் வந்தா நான் முதல்லேருந்து பயப்படணும்” என்றார். பச்சை விழுந்தது. வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: “ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் பல் பிடுங்கும்போது நர்ஸ் பயந்துபோய் என் கையைப் பிடிச்சு இழுத்தா யாருக்கு வலிக்கும்?”

டீச்சர் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகும் கேள்வி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் மறுநாள் அவள் முகாமுக்குப் போன் செய்தாள். சேர்ந்த நாளில் பெற்றோருக்கென்று ஓர் எண் கொடுத்திருந்தார்கள், ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த அதைக் காலையிலேயே குறித்துக்கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில், வண்டியை டெஸ்ட் மைதானத்தின் ஓரம் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கூப்பிட்டாள். ஒரு பெண் சார்ஜென்ட் எடுத்தாள். டீச்சர் மாடிப்படியில் பரிதாபப்பட்ட புள்ளகுட்டிக்காரர் இவள்தான் போலிருக்கிறது. பின்னால் யாரோ விசில் ஊத, நிறையக் கால்கள் ஒன்றாக நின்றன.

தன் பெண்ணுக்குத் தண்ணீர் என்றால் பயம், சின்ன வயதில் மூழ்கப் பார்த்தாள், வியாழக்கிழமை அவளை மட்டும் விட்டுவிட முடியுமா என்று டீச்சர் கேட்டாள். தெருவில் யாரிடமோ வழி கேட்பதுபோல இயல்பாகக் கேட்க நினைத்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

சார்ஜென்ட் அவசரப்படாமல் பதில் சொன்னாள். அந்தப் பயத்தைப் பற்றி மகள் வந்த அன்றே சொல்லிவிட்டாளாம். தானே கேட்டு, தினமும் காலையில் எல்லாரும் எழுவதற்கு முன்னால் குளத்தில் இறங்கிப் பழகுகிறாளாம். ஆற்றில் கயிறு உண்டு, படகு உண்டு, இரண்டு கரையிலும் நீச்சல்காரர்கள் உண்டு. இவ்வளவும் சொல்லிவிட்டு, “இப்ப நீங்க கேட்டதை நான் மேல சொல்லணும்னா சொல்றேன்மா” என்றாள். “அவளைக் கூப்பிட்டு, உங்கம்மா இப்படிக் கேக்கறாங்க, நீ என்ன சொல்றேன்னு கேப்போம். இறங்கலைன்னா இந்தக் கூட்டத்தோட பயிற்சியை முடிக்க முடியாது. அடுத்த கூட்டத்தோட மறுபடி முதல்லேருந்து. சொல்லவா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் டீச்சர். புதன்கிழமை மாலைவரை சொல்லலாம் என்று சார்ஜென்ட் நேரம் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கணவர் பின்னறையில், லென்ஸைச் சக்கரத்தின் முன் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். சக்கரத்தை நிறுத்தினார்.

“ஒண்ணு சொல்வேன். கோபப்படக் கூடாது.”

“படுவேன். சொல்லுங்க.”

“அன்னைக்கு அவ மூழ்கல. அடியில கெடந்த ரப்பர் வளையத்தை எடுக்கப் போனா. அதுதான் அன்னைக்குப் பாடம். நீ பாதி மூச்சுல இழுத்த, அதான் இருமினா. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சொல்லிப் பார்த்தா. நீ கேக்கல. அப்புறம் அவளே நம்ப ஆரம்பிச்சுட்டா.”

“உங்களுக்குத் தெரியும்ல? ஏன் இத்தனை வருஷமா வாயைத் திறக்கல?”

“நீ அந்தக் கதையை அவ்வளவு நல்லா சொல்லுவ” என்றார் அவர். “கைப்பையில தண்ணியோட நீ வெளிய வந்தது வரைக்கும். நடுவுல போய் நான் எப்படி…”

சொன்னபடியே கோபப்பட்டாள். பாதி கோபம் அவர் மேல்; மீதி யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு அவரோடு சாதம், தண்ணீர், சாவி என்ற அளவில்தான் பேச்சு. வண்டியில் உட்காரும்போதெல்லாம் தன் காலைப் பார்த்தாள். அது ஒரு நல்ல கால். எத்தனையோ பேரை எத்தனையோ சுவரிலிருந்து காப்பாற்றிய கால். எப்போது காப்பாற்றியது, எப்போது வெறுமனே முந்திக்கொண்டது என்று இப்போது பின்னால் போய்ப் பிரித்துப் பார்க்க முடியாது. அதிகாரி சொன்னதுபோல, மிதித்தால் மிதித்ததுதான்.

ஒன்றை மட்டும் அவளால் பிரித்துப் பார்க்க முடிந்தது. விடிவதற்கு முன்னால், குளிர்ந்த குளத்தின் ஓரத்தில், பயந்துகொண்டே நின்று பிறகு இறங்குகிற தன் பெண். அவளை யாரும் தள்ளவில்லை. அவளாகக் கேட்டு வாங்கிய தண்ணீர் அது. அந்தப் படம் மனதில் வர வர டீச்சருக்குப் பழைய தெம்பு ஊறியது. எனக்கென்ன பயம் என்று மாடிப்படியில் நின்று சொன்னாளே, அந்தத் தெம்பு.

புதன்கிழமை பாடங்கள் முடிந்ததும் போன் செய்தாள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், அவள் இறங்கட்டும் என்றாள்.

“நிறைய அம்மாக்கள் கூப்பிடுவாங்க. கேட்டதை வேண்டாம்னு சொல்ல ரெண்டாவது தடவை கூப்பிட்டது நீங்கதான்” என்றாள் சார்ஜென்ட். பாராட்டா வெறும் தகவலா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ராணுவக் குரல்.

வியாழக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. டெஸ்ட் தொடங்குமுன் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இப்படி உட்கார்ந்தால் கால் எங்கே போகும்? பல் டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். பின்னாலிருந்து அதிகாரி சொன்னார்.

“டீச்சர், காலை இறக்குங்க. பிரேக் எட்டணும். எட்டாம வண்டி நகரக் கூடாது.”

“மிதிக்க மாட்டேன், சார்.”

“மிதிக்காதீங்க. ஆனா கால் அங்க இருக்கணும்.”

அதுதான் கஷ்டம். கால் அங்கே இருக்க வேண்டும், தயாராக இருக்க வேண்டும், ஒன்றும் செய்யக் கூடாது. காலை இறக்கினாள்.

இந்த நேரம் கடுகு கயிற்றைப் பிடித்திருப்பாள். இந்த நேரம் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருக்கும். ரவுண்டானா. இடுப்புக்கு வந்திருக்கும். பல் டாக்டர் வழிவிட்டு, காத்திருந்து, நுழைந்து, வெளியே வந்தார். சந்தைத் தெருவில் ஒரு லாரி திடீரென்று பின்னோக்கி வரத் தொடங்கியது. டீச்சரின் பாதம் பிரேக்கின் மேல் போய் நின்றது. அப்போது அவள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். லாரியைப் பார்க்காமல் பல் டாக்டரின் கண்களைப் பார்த்தாள். அவை லாரியை எப்போதோ பார்த்திருந்தன. அவர் தோளில் பதற்றமே இல்லை. வண்டி மெதுவானது, நின்றது. லாரிக்காரர் கையை அசைத்தார். பீப் வரவில்லை.

அதிகாரி கடைசிவரை பேனாவை மூடவில்லை. இறங்கும்போது பல் டாக்டரின் கையைக் குலுக்கினார். பல் டாக்டர் டீச்சரின் பக்கம் திரும்பி, பல் எது வலித்தாலும் வாருங்கள், என் கையை மட்டும் பிடிக்காதீர்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அங்கேயிருந்து ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

“ஞாயித்துக்கிழமைதான் தெரியும்” என்றாள் டீச்சர். “ஏதாவதுன்னா இதுக்குள்ள கூப்பிட்டிருப்பாங்க. எம்பொண்ணு நல்லா இருக்கா.” சொல்லிக் கேட்டபோது தன் குரல் தனக்கே பிடித்திருந்தது.

வெள்ளியும் சனியும் எப்போதும்போலப் பாடங்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கிளட்சை விட மாட்டேன் என்று அழும் நிலைக்குப் போனார். டீச்சர் அவரைச் சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினாள். சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கணவரோடு சேர்ந்து நடந்து வந்தாள். சாதம், தண்ணீர், சாவியைத் தாண்டிப் பேச்சு நீண்டது.

ஞாயிறு மதியம் போன் வந்தது. கணவர் அவளிடம் நீட்டினார்.

“ஷூ இப்ப பழகிடுச்சும்மா” என்று ஆரம்பித்தாள் கடுகு. “விரிப்புல எனக்குத்தான் இந்த வாரம்—”

“ஆறு எப்படி இருந்துச்சு?”

“அப்பாவா? அவர் வாயில ஒண்ணு நிக்காதே” என்றாள். பிறகு, தயங்கித் தயங்கி, சொன்னாள். பாதி வரைக்கும் போனாள். தண்ணீர் தாடையைத் தொட்டதும் கை கயிற்றோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பின்னால் நின்றவர்கள், உனக்காக ஆற்றை வற்றவைக்கணுமா, அடுத்த வருஷம் வந்து கூட்டிட்டுப் போறோம் என்றெல்லாம் கத்தினார்கள். திரும்பிக் கரைக்கே வந்துவிட்டாள். சார்ஜென்ட் ஒன்றும் திட்டவில்லை. அடுத்த ஆள் என்று மட்டும் சொன்னாள். கடுகு போய் வரிசையின் கடைசியில் நின்றாள். மறுபடி இறங்கினாள். எல்லாருக்கும் கடைசியாக, பாதி ஆற்றைக் குடித்து, அக்கரை சேர்ந்தாள்.

டீச்சர் மூச்சை இழுக்கவில்லை. இழுக்காமல் இருப்பது எவ்வளவு கனமான வேலை என்று தெரிந்துகொண்டாள்.

“நான் அங்க போன் பண்ணேன்” என்றாள். “உன்னை இறக்க வேண்டாம்னு சொல்றதுக்கு.”

“அம்மா.”

“அப்புறம் மறுபடி கூப்பிட்டு, இறங்கட்டும்னு சொன்னேன்.”

தூரத்தில் யாரோ கதவை அறைந்து சாத்துவது கேட்டது. அவள் கோபப்படுவாள், பட வேண்டியதுதான் என்று டீச்சர் காத்திருந்தாள்.

“ஏன் மாத்திக்கிட்ட?” என்று கேட்டாள் மகள்.

“நீயே கேட்டுக் காலையில குளத்துல இறங்கறேன்னாங்க. அவ்வளவு தூரம் நடந்து போனவளை நடுவழியில நிறுத்த நான் யாரு?”

கணவர் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனுக்காகக் கையை நீட்டியபடி நின்றார். வழக்கமாக இந்த இடத்தில்தான், அப்பாகிட்ட குடு என்ற வார்த்தை வரும்.

“அடுத்த வாரம் என்ன?” என்றாள் டீச்சர்.

“கேக்கணுமா?”

“கேக்கறேன்ல.”

“கோபுரத்துலேருந்து குதிக்கணும். கயிறு கட்டித்தான். ஆனா உயரம்.”

“எவ்வளவு உயரம்?”

மகள் சொன்னாள். டீச்சர் அவர்கள் வீட்டுக் கட்டடத்தை மனத்துக்குள் மாடி மாடியாக ஏறிப் பார்த்தாள், மொட்டைமாடியையும் தாண்டிப் போனது. பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நீட்டிய கையோடு நின்ற கணவரைப் பார்த்து, இருங்க என்று சைகை காட்டினாள்.

“கயிறை எங்க கட்டுவாங்க? இடுப்புலயா, தோள்லயா?” என்று கேட்டாள். “அவசரமில்ல. ஒண்ணொண்ணா சொல்லு.”

கடுகு சொல்லத் தொடங்கினாள்.